காப்புக் கட்டிய ஊரும் நாலாவது மருந்தும்

அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். மழையை நம்பிய கரிசல் நிலம், பருத்தியும் சோளமும் போடுவோம். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நிலம் இல்லாத வீடுகளில் ஒரு ஆளாவது பட்டாசுக் கம்பெனி வேனில் போகும். மார்பில் கட்டி வந்து மதுரைக்குப் போய்வந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் வயிற்றில் கட்டி என்பார்கள், கர்ப்பப்பை என்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது மார்பு என்றே சொல்கிறேன். இடது மார்பு. அறுத்து எடுத்துவிட்டார்கள்.

முதலில் தெரிந்தது பருத்தி எடுக்கையில். எடுக்கிற பருத்தியைப் போட மடி கட்டுவோம். சேலையைக் குறுக்கே கட்டி, முடிச்சைத் தோளுக்குக் கீழே போடுவோம். முடிச்சு அழுத்துகிற இடத்தில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். வலிக்காத கட்டிதான் மோசம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சிவகாசியில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கூச்சப்படாதீங்கம்மா, நீங்க சொன்னாலே போதும்" என்றார். அப்போது அதை மரியாதை என்று நினைத்தேன். "பால் கட்டியா இருக்கும்" என்று மாத்திரை எழுதினார். என் கடைசிப் பையன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். எந்தப் பால் அத்தனை வருசம் கழித்துக் கட்டும்? அதை அவரும் யோசிக்கவில்லை, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் யோசிக்கவில்லை. மாத்திரை தின்றேன், களிம்பு பூசினேன். மாசியில் கண்ட கட்டியைக் கார்த்திகையில்தான் அறுத்தார்கள். நடுவில் போன மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

விசயத்தைக் கண்டுபிடித்தது என் நாத்தனார் சரசு. அடுத்த தெருவில் இருக்கிறாள், கம்பெனியில் பட்டாசுக்குத் திரி செருகுகிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முதுகு தேய்க்க வந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"மதினி, காம்பு ஏன் இப்படி உள்ள இழுத்துக் கெடக்கு?"

"கெடக்கட்டும், நீ தேய்."

"தேய்க்க மாட்டேன். அண்ணன்ட்ட நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

அவளே சொன்னாள். மறுவாரம் மதுரையில் இருந்தோம். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள்.

அங்கே மார்பை இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் படம் எடுத்தார்கள். உயிர் போகிற மாதிரி வலித்தது. அப்புறம் கட்டிக்குள் ஊசியை விட்டுக் கொஞ்சம் சதையை உறிஞ்சி எடுத்தார்கள். அதைக் கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியுமாம். முடிவு வருகிறவரைக்கும் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. "வீட்டுக்காரர் மட்டும் வாங்க" என்றார்கள்.

கட்டி எனக்கு. கூப்பிட்டது அவரை.

அவர் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் நேரே டீக்கடைக்குப் போனார். டீயும் ஒரு கிரீம் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்குக் கிரீம் பன் வாங்கித் தந்ததில்லை. "ஒண்ணுமில்ல புள்ள, சின்ன ஆபரேசன்" என்றார். பன்னைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது சின்ன ஆபரேசன் இல்லை என்று.

பேரைச் சொன்னது பக்கத்துக் கட்டில்காரி. மைமூன் என்று விருதுநகர்க்காரி, அவள் வீட்டுக்காரர் வத்தல் கமிசன் கடை வைத்திருந்தார். நான் பையை வைக்கும் முன்னேயே கேட்டாள்.

"உனக்கும் மாருல கேன்சர்தானா?"

"கேன்சரா?" என்றேன்.

"அப்ப உனக்குச் சொல்லலையா? அது சரி, எனக்கும் சொல்லல. எங்க வீட்டாளு வத்தல் மூடைக்கு மட்டும்தான் உள்ளதைச் சொல்லுவாக. உக்காரு. அழணும்னா இப்பமே அழுதுக்க, நர்சு வந்தா திட்டுவா."

அழுதேன். அவள் எனக்கு ஒரு பேரீச்சம்பழம் தந்தாள். பேரைச் சொல்லி, அழவும் விட்டு, தின்னவும் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவளை மறக்க மாட்டேன்.

ஆபரேசனில் மார்போடு, அக்குளில் நெறி கட்டுமே, அந்த நெறிகளையும் எடுத்தார்கள். நோய் அந்த வழியாகத்தான் மற்ற இடத்துக்கு நடக்குமாம். சில நெறிகளில் நோய் ஏறியிருந்தது. அதனால் அறுத்தால் மட்டும் போதாது, ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கரண்டு என்றால் நிசக் கரண்டு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைத் தழும்பின் மேல் விழவைப்பது. அறுத்த இடத்திலிருந்து ஒரு குழாய் வழியாக நீர் வடிந்துகொண்டே இருக்கும். அது சேருகிற பாட்டிலைச் சரசு ஒரு மஞ்சள் பையில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டாள். "கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீக மதினி" என்றாள். சிரித்தேன், தையல் இழுத்தது. இடது கையை உயர்த்திச் சாமி கும்பிட முடியவில்லை. ஒரு கையால் கும்பிட்டேன். அம்மன் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ராத்திரிகளைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். ராத்திரியில் வார்டில் ஒருவரும் அழ மாட்டார்கள். எல்லாரும் தூங்குவதுபோல் கிடப்போம்.

இனி ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அந்த வார்டுப் பெரிய டாக்டர் ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். மார்பில் புற்று வந்து வைத்தியம் முடித்துப் போன பெண்கள் பின்னால் எப்படி இருக்கிறார்கள், எத்தனை பேருக்குத் திரும்ப வருகிறது, எந்த மருந்து யாருக்கு நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. அவருக்குக் கீழே ஒரு சின்ன டாக்டரம்மா கட்டில் கட்டிலாக வந்து கேள்வி கேட்பாள். எத்தனை பிள்ளை, எத்தனை மாசம் பால் கொடுத்தது, கட்டியை எப்போது பார்த்தது, ஏன் பிந்தி வந்தது.

"இதுல எனக்கு என்ன கெடைக்கும் டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு உடனே எதுவும் கிடைக்காதும்மா. உங்களுக்குப் பின்னால வர்றவங்களுக்குப் பிரயோசனப்படும்."

பொய் சொல்லாமல் சொன்னாளே என்று கையெழுத்துப் போட்டேன். அவள் ஒன்றை அழுத்திச் சொன்னாள். "ஆறு மருந்தையும் நாள் தப்பாம ஏத்திக்கணும். பாதியில நின்னு போறவங்கதான் எங்களுக்குப் பெரிய கவலை. ஒரு தடவை தப்பினவங்க நெறையப் பேர் திரும்பி வர்றதே இல்லை."

நான் தப்ப மாட்டேன் என்றேன். அம்மன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன்.

முதல் மருந்து தையில். சிவப்பாக, ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். ஏற்றிய அன்றைக்கு ஒன்றுக்கும் சிவப்பாகத்தான் போகும், பயப்படாதே என்று மைமூன் முன்னாலேயே சொல்லியிருந்தாள். சொல்லாமல் இருந்தால் ரத்தம் என்று கத்தியிருப்பேன். ஏற்றிய நரம்பு கறுத்துக் கம்பி மாதிரி ஆகும். வாய் வெந்துபோகும், உப்பே எரியும். சரசு வேலையை விட்டுவிட்டு வந்து, சோற்றை மோரில் கரைத்து, விரலால் மசித்து ஊட்டினாள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கம்பெனியில் கூலி கிடையாது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வீட்டுக்காரர் காளை ஜோடியை விற்றார். அவரும் பேசவில்லை. அதையெல்லாம் நான் இல்லையென்று சொல்லவில்லை. கோபத்தையும் எழுதுகிறேன், இதையும் எழுதுகிறேன்.

முடி கொத்துக் கொத்தாக வந்தபோது மைமூன் சொன்னாள், "முக்காடு போட்டுக்க. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருப்போம். உங்க ஊர்க்காரக வந்தா யாரு செல்லத்தாயின்னு தெரியாம என்னையத் தூக்கிட்டுப் போயிருவாக."

மூன்று மருந்து முடிந்தது. நாலாவதுக்குக் குறித்த நாள் பங்குனியில் வந்தது. எங்கள் ஊரில் காப்புக் கட்டி இரண்டு நாள் கழித்து.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் வைத்துச் சாமிக்குக் கட்டி, ஊர்ப் பெரியவர்கள் கையிலும் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர்கள் ஒருவரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம், பொழுது அடைய ஊருக்குள் வந்துவிட வேண்டும். காப்புக்கு முன்னாலேயே வெளியூர் போய்விட்டவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. இது எங்கள் சனத்துக்குத் தெரிந்த முறை. நானும் பிறந்ததிலிருந்து மீறியதில்லை.

மருந்து ஏற்ற இரண்டு ராத்திரி மதுரையில் தங்க வேண்டும். முதல் நாள் ரத்தம் எடுத்து வெள்ளை அணு போதுமா என்று பார்ப்பார்கள். நோயை எதிர்க்கிற அணு அது, மருந்தில் செத்துப்போகும். போதும் என்றால்தான் மறுநாள் மருந்து. அன்றைக்கு வாந்தியோடு பஸ் ஏற முடியாது.

மூன்றாவது மருந்து முடிந்து கிளம்பும்போதே நான் சீட்டு எழுதுகிற நர்சம்மாவிடம் கேட்டேன். "காப்புக்கு முந்தியே வந்து இங்கன ஒரு மூலையில படுத்துக்கிறேன்மா. கட்டில் கூட வேண்டாம்."

"இது என்ன சத்திரமா? தேதிக்கு முந்தின நாள் வாங்க."

"அப்ப ஊர்ல பொங்கல் முடியட்டும், ஒரு வாரம் தள்ளி..."

"திருவிழாவுக்கெல்லாம் தேதி மாத்த முடியாது. வந்தா வாங்க, வராட்டிப் போங்க. அடுத்த ஆள்."

நானும் போய்விட்டேன். டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்டிருந்தால் வழி பண்ணியிருப்பாள் என்று பின்னால்தான் தெரிந்தது. எத்தனை கதவைத்தான் ஒரு நோயாளி தட்டுவாள்?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் திருவிழாக் கமிட்டியில் தலைவர். பெரியத்தான் என்று கூப்பிடுவேன். காப்புக் கட்டுகிற கைகளில் முதல் கை அவருடையது.

"நம்ம வீட்டுப் பொம்பளையே எல்லை தாண்டிப் போய்த் தங்கினா ஊர்ல எவன் மதிப்பான்?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தம்பியைப் பார்த்துச் சொன்னார். "பொங்கல் முடிஞ்சு போகட்டும். மருந்து என்ன ஓடியா போகுது?"

"நாள் தப்பக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு" என்றேன்.

"அம்மன் காப்புல இருக்கையில உனக்கு என்ன வந்துரும்? மூணு ஏத்தியாச்சு. இந்த மட்டும் போதும்னாலும் போதும். ஒடம்பு கெட்டுக் கறுத்துப் போச்சு பாரு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று நான் எவ்வளவு நேரம் நின்றேன். வரவில்லை.

காப்புக் கட்டினார்கள். கொட்டுச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இரண்டு நாள் கழித்து மருந்து நாள் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். இந்நேரம் மைமூன் கையில் ஊசி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மிளகாய் கிள்ளினேன். அம்மன் மேல் சந்தேகம் வரவில்லை. ஆனால் அக்குளில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டேன், எதுவும் தட்டுப்படுகிறதா என்று. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

அந்த வாரமே அது நடந்தது. மத்தியானம் எங்கேயோ ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்து ஊரே குலுங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அவரவர் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வருவோம். புகை எழும்பிய திசையைப் பார்த்தால் பெரியத்தானின் மருமகன் வேலை பார்க்கிற இடம். சரசு கம்பெனி வேறு பக்கம், அம்மன் காப்பாற்றினாள். மருமகனுக்குக் கையிலும் நெஞ்சிலும் தீக்காயம். உயிருக்கு மோசமில்லை. லோடு ஏற்றுகிற வண்டியிலேயே போட்டுச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியத்தான் போட்டிருந்த பனியனோடு ஏறிப் போனார். அன்றைக்கு ராத்திரி அவர் ஊர் திரும்பவில்லை. அவரோடு போன நாலைந்து ஆம்பளைகளும் திரும்பவில்லை. எல்லார் கையிலும் காப்பு இருந்தது.

நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை வெந்து கிடக்கையில் போகாமல் இருந்தால் அவர் மனுசனா? போனதுதான் சரி. ஆனால் ஊரில் ஒரு வாயாவது எல்லை தாண்டித் தங்கிவிட்டார் என்று பேசியதா? இல்லை. நல்லபடியா வரட்டும் என்றுதான் விளக்குப் போட்டார்கள். நானும்தான் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் வந்தார். ஒரு வாய்ச் சோறும் தொடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். நான் வாசலில் நின்றேன். அதுவரை அவர் முன்னால் நின்று பேசியவள் இல்லை நான்.

"மருமகன் எப்படி இருக்காரு பெரியத்தான்?"

"பரவாயில்ல. கண்ணு முழிச்சுப் பேசுறான்."

"ராத்திரி அங்கனதான் தங்கினீகளோ?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "அது உசுரு விசயம்" என்றார்.

"எனக்கு என்ன விசயம்?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "உள்ள போ புள்ள" என்றார். நான் உள்ளே போகாமல் நேரே கோயிலுக்குப் போனேன்.

பூசாரி முளைப்பாரிக்கு இடம் மெழுகிக்கொண்டிருந்தார். சொன்னேன். ஊருக்குள் மார்பு என்று வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் ஒரு ஆம்பளையிடம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னய எவனும் கேக்கலியே தாயி. போன காப்புல என் மகளுக்கு இடுப்பு வலி கண்டு ஆஸ்பத்திரியில மூணு ராத்திரி கெடந்தா. நான்தான் பூசை பண்ணினேன். ஒடம்புக்கு முடியாதவகளுக்கு என்ன காப்பு? திருநீறு வாங்கிட்டுப் போ."

திருநீற்றை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். எனக்குச் சந்தோசம் வரவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. ஒரு கேள்வி. கோயில் பத்து எட்டு வைக்கிற தூரம்தான். கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சாகிறதா பிழைக்கிறதா என்கிற காரியத்தில் சாமியிடம் கூடக் கேட்காமல் அவர்களே சாமிக்காகப் பதில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கம்பெனி வேனில் சரசோடு ஏறினேன். தலையில் துண்டு, தோளில் அந்த மஞ்சள் பை. வேனில் இருந்த பெண்கள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "எங்க மதினி, காப்பு நேரத்துல?" என்றாள்.

"மதுரைக்கு. மாருல கேன்சரு. மருந்து ஏத்தணும்" என்றேன்.

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவகாசியில் இறங்கி மதுரை பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் அதே நர்சம்மா. "தேதியில வராம இப்ப வந்து நின்னா?" என்று ஆரம்பித்தாள். நான் அவளோடு பேசவில்லை, டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். டாக்டரம்மா வந்து ரத்தம் எடுக்கச் சொன்னாள், கட்டில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் மைமூன், மருந்து ஏற்றிய பிறகு காய்ச்சல் கண்டதால் அவளை இன்னும் வீட்டுக்கு விடவில்லை. மறுநாள் காலையில் பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகள் புடைசூழ வந்தார். என் கட்டில் முன்னால் நின்று அவர்களுக்குப் பாடம் சொன்னார். பாதி இங்கிலீசு, பாதி தமிழ். எனக்குப் புரிந்த பாதி போதும்.

"நம்ம பேசண்ட்ஸ் ஏன் பாதியில நிக்கிறாங்க? அறியாமை. இவங்களைப் பாருங்க, ஊர்ல திருவிழான்னு மருந்தை விட்டுட்டாங்க. மூடநம்பிக்கை. நம்ம மருந்து நல்ல மருந்துதான், ரிசல்ட் ஏன் வரலன்னா இதுதான் காரணம்."

"ஐயா" என்றேன்.

அவர் நின்றார்.

"நான் விடலை ஐயா. காப்புக்கு முந்தியே வந்து இங்கன தரையில படுத்துக்கிறேன்னு கேட்டேன். சத்திரமான்னு கேட்டாக. ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன். வராட்டிப் போன்னாக. ஊர்லயும் கேட்டேன், அங்கயும் விடல. ரெண்டு எடத்துலயும் கேட்டவ நானு. என்னைய அறியாமைன்னு சொல்றீக. நான் சாமியும் கும்பிடுவேன், உங்க மருந்தும் ஏத்திக்குவேன். எனக்கு அதுல ஒரு கொழப்பமும் இல்ல. உங்களுக்குத்தான் கொழப்பம்."

பக்கத்துக் கட்டிலில் மைமூன் முக்காட்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். பெரிய டாக்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரிம்மா, மருந்து ஏத்திக்குங்க" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். சின்ன டாக்டரம்மா மட்டும் நின்றாள்.

"என்கிட்ட வந்திருக்கலாமேம்மா. ஒரு வாரம் தள்ளிக் குடுத்திருக்கலாம். இல்லாட்டி முன்னாடியே வந்து தங்க இடம் பாத்திருப்பேன்."

"அதை அந்தச் சீட்டு எழுதுற எடத்துல சொல்லி வைங்க. இனிமே தேதி போடும்போது உங்க ஊர்ல காப்பு என்னைக்குன்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. சித்திரைல ஒரு ஊரு, வைகாசில ஒரு ஊரு. எல்லா ஊர்லயும் பொம்பளைக இருக்காக."

அவள் தலையை ஆட்டினாள். மருந்து ஏறியது. சாயந்தரம் கண் விழித்தால் என் வீட்டுக்காரர் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். அவரும் காப்பைத் தாண்டி வந்துவிட்டார். "சாப்பிட்டியா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ராத்திரி முழுக்க அவர்தான் வாந்திச் சட்டியைப் பிடித்தார். காலையில்தான் பேசினேன்.

ஆறு மருந்தும் முடித்தேன். கரண்டும் வைத்தார்கள், தோல் வெந்து உரிந்தது, ஆறியது. முடி முளைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். இதுவரை சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். தப்பிப்போன அந்த நாட்கள் என் உடம்பில் ஏதாவது செய்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நூறு பேரை வச்சு ஏதாவது சொல்லலாம்மா. உங்க ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது" என்றாள். இதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு படுக்கிறவள் நான்தான்.

மைமூன் ஒரு நாளும் தப்பியதில்லை. நோன்பு நேரத்தில்கூட, முடியாதவர்கள் பிறகு பிடிக்கலாம் என்று அவள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு மருந்து ஏற்றினாள். அவளுக்கு எலும்பில் திரும்ப வந்திருக்கிறது. போன தடவை விருதுநகரில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். படுக்கையில் இருந்துகொண்டே, "நாள் தப்புன உனக்கு அதிர்ஷ்டம், எனக்குத்தான் கணக்குத் தப்பிருச்சு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாள் தப்பாமல் வந்தால் சரியாகிவிடும் என்று சொன்னவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். நோயின் பேரையே சொல்லாமல் இருந்தவர்கள் மேலும் கோபம்தான். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இந்த வருசம் பங்குனியில் காப்புக் கட்டுகிற அன்று கோயிலுக்குப் போனேன். பெண்கள் நிற்கிற பக்கம் நிற்காமல் மைக் இருக்கிற பக்கம் போய் நின்றேன். பெரியத்தான் திருவிழா வரி கொடுக்காதவர்கள் பேரை வாசித்துக்கொண்டிருந்தார். முடிகிறவரை காத்திருந்தேன்.

"பெரியத்தான், ஒடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரிக்குப் போறவகளுக்குக் காப்பு தடையில்லன்னு மைக்குல சொல்லுங்க."

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பூசாரி அய்யாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது."

பூசாரி கையில் வேப்பிலையோடு நின்றார். சொல்லுங்க என்பதுபோல் தலையை அசைத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

பெரியத்தான் மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோய் ஒரே மூச்சில் சொன்னார். மைக்செட் குழாய் கரகரவென்று இழுத்தது, பாதி வார்த்தை அதிலேயே போய்விட்டது. அவர் மைக்கைக் கீழே வைக்கப் போனார்.

"சரியாக் கேக்கல பெரியத்தான்" என்றேன். "கடைசி வீட்டுக்கும் கேக்கணும். இன்னொரு தடவை, மெதுவாச் சொல்லுங்க."

சொன்னார்.